புதுவரவு அலமாரியில் ஓர் ஊர்

பல்கலைக்கழக நூலகத்தின் பின்வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் முதலில் பசை அக்காவின் காதில்தான் விழும். கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று அவள் குரல் கொடுப்பதைக் கேட்டால், கடல் கடந்து போன தம்பிதான் வந்து இறங்கிவிட்டான் என்று நினைக்கத் தோன்றும். வந்திறங்குவது என்னவோ அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குள் புதுப் புத்தகங்கள்.

பெட்டி பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கத்தியை உள்ளே இறக்கமாட்டாள். மேலே ஒட்டியிருக்கும் நாடாவை மட்டும் கீறுவாள். பிறகு ஒவ்வொரு புத்தகமாகத் தூக்கி, தூசியே படியாத அட்டையைத் தன் மேலங்கியின் கையால் ஒரு துடைப்பு துடைப்பாள். தலைப்புப் பக்கத்தில் நூலக முத்திரை, முதுகில் எண் சீட்டு, முன் அட்டையின் இடது கீழ்மூலையில் கெட்டியான பார்கோடு சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடித்தாள் உறை. கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். இத்தனை வருடமாக ஒட்டி ஒட்டி, பசை காய்ந்து காய்ந்து, அவளுடைய விரல் நுனிகள் தடித்துப் போயிருந்தன. சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமலேயே இறக்குவாள். சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் நூலகர் முதல் துப்புரவுக்காரர் வரை எல்லோருக்கும் அவள் பசை அக்காதான்.

"வீட்டுக்காரர் எங்கயும் ஓடிப் போயிடாம அவரையும் ஒட்டி வச்சிருக்கியாக்கா?" என்று கேட்பார் வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலர். அவரை எல்லோரும் கேட் அண்ணன் என்பார்கள்.

"ஆமாண்ணே, பார்கோடு போட்டு வச்சிருக்கேன். வெளியில போனா மணி அடிக்கும்" என்பாள் அவள்.

ஒட்டி முடித்த புத்தகங்கள் முன்கூடத்திலுள்ள புதுவரவு அலமாரிக்குப் போகும். அங்கே அவை முதுகைக் காட்டி நிற்பதில்லை. முகத்தைக் காட்டி நிற்கும். அடுத்த பெட்டிகள் வரும்வரை அங்கேதான் இருக்கும். யாரும் எடுத்துப் பார்க்கலாம், பக்கத்து மேசையில் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போகமட்டும் முடியாது. துணைவேந்தரே கேட்டாலும் கொடுப்பதில்லை. அதுதான் அந்த நூலகத்தின் வழக்கம்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, நாற்காலியில் சாய்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன புதுசு?"

கல்யாணமான புதிதில், அவள் அந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவந்த கேள்வி அது. அவளும் சொல்வாள். நட்சத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. நிலவை உருண்டையாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி நிறையக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

"கல்லுக்கு எங்கேடி பார்கோடு ஒட்டுனே?"

"வயித்துலதான். மருத்துவப் பிரிவுக்கு ஒரு எலும்புக்கூடு வந்துச்சுங்க. அப்படியே உங்க அக்கா மாதிரி, எப்பப் பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கிட்டே நிக்குது."

மாடியில் குடியிருக்கும் அக்காவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இருந்தவரை அந்த வீட்டில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

அந்தச் சிரிப்பின் மீதுதானா விதியின் கண் விழ வேண்டும்!

கணவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். அது பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம், தின்பது தெரியாதாம். ஒரு காலையில், பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரரை அவர் கடைசி நொடியில்தான் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிப்போவில் வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்தவர், அதை மறுபடி வாங்கவே இல்லை. வைத்தியம் பார்த்தார்கள். அழுதார்கள். மிச்சமிருந்த வெளிச்சமும் மெல்ல மெல்ல அணைந்தது.

அதன்பிறகு அவர் உலகம் ஜன்னலோர நாற்காலி ஒன்றுதான். தெருமுனையில் பேருந்துகள் திரும்பும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பார். "கியர் மாத்துறானா, கல்லு உடைக்கிறானா" என்று எப்போதாவது முணுமுணுப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மடக்குக் கோல், உறைகூடப் பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் நின்றது. "அதைத் தட்டிக்கிட்டுப் போனா ஊரே பார்க்கும். ஊரை நான் பார்க்க முடியாது. எதுக்கு?" என்றார். வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவர் கால் வைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அதைவிடக் கொடுமை, அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். என்ன புதுசு என்று அவர் கேட்கவுமில்லை. அவள் சொல்லத் துணியவுமில்லை. ஒரு நாள் கேட் அண்ணன் பழைய பழக்கத்தில், "வீட்டுக்காரரை ஒட்டி வச்சிருக்கியாக்கா?" என்று கேட்டுவிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். உண்மையிலேயே அவர் நாற்காலியோடு ஒட்டிப்போய்விட்டாரே! கேட் அண்ணன் அன்று முழுக்கத் தன் தலையிலேயே குட்டிக்கொண்டார்.

அவரை ஒரே ஒரு முறை வெளியே கூட்டிவந்துவிட வேண்டும். பசை அக்காவுக்கு வேறு ஆசை இல்லை.

இப்படியிருக்கையில்தான் அந்தத் தட்டைப் பெட்டி வந்தது. பிரித்தால், உள்ளே பெரிய பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் தாள்கள். ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை.

"மேடம், இவங்க அச்சடிக்க மறந்துட்டாங்க போலிருக்கு" என்றாள்.

புதுவரவுப் பிரிவின் தலைவியை எல்லோரும் கேட்டலாக் மேடம் என்பார்கள். வருகிற எதற்கும் எண் கொடுத்து இடம் சொல்வது அவர்தான். அவர் சிரித்தபடி, "பார்க்காதீங்கக்கா, தடவுங்க" என்றார்.

தடவினாள். தடித்த விரல்களுக்கு ஒன்றும் எட்டவில்லை. உள்ளங்கையை வைத்தபோதுதான், உடம்பு சிலிர்த்தால் தோல் புடைக்குமே, அதுபோல ஏதோ தட்டுப்பட்டது.

"நம்ம ஊரு மேப்புக்கா. தெரு, ஆறு, பாலம், பஸ் ரூட்டு எல்லாம் மேடு மேடா எழுப்பியிருக்காங்க. பார்வையில்லாதவங்க கையாலேயே ஊரைச் சுத்தி வரலாம்."

பசை அக்காவின் மனம் அந்தக் கணமே வீட்டுக்கு ஓடி, ஜன்னலோர நாற்காலியின் அருகே போய் நின்றுகொண்டது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. பின்பக்கம் முத்திரை, ஓரத்தில் எண் சீட்டு, முன்பக்க இடது கீழ்மூலையில் பார்கோடு. கட்டைவிரலால் ஓர் அழுத்து.

"மேடம், ஒரே ஒரு நாள் இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

மேடத்துக்கு அவள் வீட்டு விஷயம் தெரியும். முகம் வாடிப்போனது. "அலமாரிக்குப் போகிற பொருளாச்சேக்கா. உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க. நீங்க ஏன் அவரை இங்க கூட்டிட்டு வரக்கூடாது? கதவு திறந்துதானே இருக்கு."

நூலகத்துக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் மனக்கதவை யார் திறப்பது?

அன்று மாலை அவரிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். மேப் வந்திருக்கிறது, தொட்டுப் பார்க்கிற மேப், ஒரு தடவை வந்து பாருங்கள் என்றாள்.

"எனக்கெதுக்கு மேப்பு? நான் ஓட்டாத ரோடா?"

"சும்மா ஒரு நடை போயிட்டு..."

"என்னை விட்டுடு."

மாடியிலிருந்து அவருடைய அக்கா இறங்கிவந்தாள். இந்த வீட்டில் பேச்சு ஆரம்பித்தால் அந்த நாத்தனாருக்குக் கால் மாடியில் தங்காது. "ஏன், அங்க கொண்டுபோய் நிக்க வச்சு எல்லாருக்கும் வேடிக்கை காட்டப் போறியா? என் தம்பி என்ன உங்க அலமாரியில வைக்கிற பொருளா?"

"அண்ணி, அவர் நல்லதுக்குத்தான்..."

"நல்லதாம் நல்லது! நீ காகிதத்துல ஒட்டுற வேலையைப் பாரு."

பசை அக்கா சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது, தெருமுனையில் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது. கூடவே அவருடைய குரலும். "இவனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

ஆஹா என்றிருந்தது அவளுக்கு. வாழ்நாளில் கணவரிடம் பொய்யே சொல்லாதவள் வெளியே வந்து, துவாலையை மடிக்கிற சாக்கில் சொன்னாள்.

"அந்த மேப்புல பஸ் ரூட்டு ஒண்ணைத் தப்பா போட்டுட்டாங்களாம்."

ஜன்னல் பக்கமிருந்த அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"எந்த ரூட்டு?"

"உங்க ரூட்டுதான்."

"யார் சொன்னது?"

"எங்க மேடம்."

"அவங்க பஸ்ல போறவங்களா?"

"இல்லை, கார்ல."

"அப்புறம் அவங்களுக்கு எப்படித் தெரியும் தப்புன்னு?"

பசை அக்காவுக்கு வியர்த்துவிட்டது. "அதான்... சந்தேகமா இருக்காம். தெரிஞ்சவங்க யாராவது பார்த்துச் சொன்னா நல்லாயிருக்கும்னாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

"நீ ஏன் முடியாதுன்னே?"

"நீங்கதான் வரமாட்டீங்களே."

நாற்காலி கிறீச்சிட்டது. "டிப்போவிலிருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் என் உள்ளங்கை ரேகை மாதிரி எனக்குத் தெரியும். அதுல தப்பு போடுறானா? நாளைக்குச் சட்டையை எடுத்து வை."

மறுநாள் காலை அவர் கோலைத் தொடவில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினார். தெருவில் இறங்கியதும் முகத்தில் வெயில் பட, ஒரு கணம் நின்றார். அவளும் நின்றாள். பின்னால் மாடி ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

அவளுக்குள் பூகம்பம். அங்கே போய்த் தடவிப் பார்ப்பார். தப்பே இருக்காது. 'என்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்தியா' என்று கேட்பார். அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். கடவுளே, யாராவது ஒரு தெருவையாவது தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள்.

நூலக வாசலில் கேட் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "வாங்க மாப்பிள்ளை! பை இருந்தா வச்சிட்டுப் போங்க."

"பை இல்லை. இவதான் இருக்கா. இவளை வேணும்னா வச்சுக்கோங்க."

"வேணாம்ப்பா, ஒட்டிக்கும்" என்றார் கேட் அண்ணன். எத்தனையோ நாள் கழித்து அவர் வாயில் கேலி திரும்பி வந்திருந்தது.

புதுவரவு அலமாரிக்குப் பக்கத்து மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். கேட்டலாக் மேடம் எதிரே உட்கார்ந்து விளக்கினார். "தடிச்ச கோடு பெரிய ரோடு. புள்ளி புள்ளியா போறது பஸ் ரூட்டு. உருண்டையா முட்டுச்சுன்னா ஸ்டாப். அலை அலையா இருக்கிறது ஆறு."

அவர் விரல்கள் தாளின் மேல் இறங்கின. முதலில் தடுமாறின. இங்கும் அங்கும் அலைந்தன. பிறகு ஓர் இடத்தில் நின்றன.

"இது டிப்போ" என்றார் மெதுவாக.

"ஆமாங்க சார்" என்றார் மேடம்.

அவ்வளவுதான். ஆட்காட்டி விரல் வண்டியை எடுத்துவிட்டது. "மணிக்கூண்டு... இங்க எப்பவும் நெரிசல். இது மார்க்கெட் ஸ்டாப். இங்க ஏறுறவங்க கூடையைப் படியிலேயே வச்சிடுவாங்க, சண்டை போட்டே தொண்டை போயிடும். இது ஆஸ்பத்திரி வளைவு, ஹாரன் அடிக்கக் கூடாது." விரல் வளைவில் வேகம் குறைந்ததைப் பார்த்து மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அலை அலையாக ஆறு வந்தது. பாலம் வந்தது. "பாலம் ஏறினதும் காத்து வரும் பாரு..." என்றவர் அப்படியே நிறுத்தினார். அவர் முகத்தில் அந்தக் காற்று அடித்ததோ என்னவோ, இமைகள் நனைந்திருந்தன.

பசை அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கணமே அவளுக்குத் தான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே! பள்ளிக்கூட நிறுத்தம் சரி. ரயில்வே கேட் சரி. விரல் இடது கீழ்மூலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி நிறுத்தம் அவர்கள் தெருமுனை. அதுவும் சரியாக இருந்துவிட்டால் அவள் கதை முடிந்தது.

விரல் நின்றது. முன்னும் பின்னும் போனது. மறுபடி நின்றது.

"தப்புதான்" என்றார்.

பசை அக்காவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "என்னங்க?"

"ரோடு இங்க வந்து நின்னு போச்சு. அதுக்கப்புறம் வழவழன்னு இருக்கு. நம்ம தெருவையே காணோம்! இந்த மேடம் சொன்னது சரிதான்."

"நான் என்ன சொன்னேன்?" என்று விழித்தார் மேடம். பசை அக்கா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

அவர் விடவில்லை. நகத்தால் அந்த வழவழப்பின் ஓரத்தைத் தேடினார். "இரு இரு. இதுக்கு ஒரு விளிம்பு இருக்கு. நாலு மூலையும் உருண்டையா... இது மேப்பு இல்லை. மேல எதையோ ஒட்டியிருக்காங்க."

பசை அக்கா குனிந்து பார்த்தாள். பார்கோடு சீட்டு! வெள்ளைத் தாளின் இடது கீழ்மூலையில், கொஞ்சமும் கோணாமல், அவள் கைப்பட ஒட்டிய சீட்டு. கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரிந்த மூலை. காய்த்துப்போன விரலுக்குத் தட்டுப்படாத மூலை. அந்தச் சீட்டுக்கு அடியில் அவர்களுடைய தெரு, அவர்களுடைய வீடு.

"என்னங்க..." என்றாள். "அது நான்தாங்க."

"நீயா?"

"பழக்கத்துல... மூலையில ஒட்டிட்டேன்."

அவர் முகம் மாறியது. உதடுகள் துடித்தன. வெடிக்கப் போகிறார் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெடித்தது சிரிப்பு! நாற்காலி குலுங்க, மேசை குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி! ஊரெல்லாம் விட்டுட்டு, நம்ம வீட்டையே ஒட்டி மூடிட்டியேடி!" 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே அந்தச் சிரிப்பு முழங்கியது. படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமைதி காக்கச் சொல்ல வேண்டிய மேடமே கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். பசை அக்கா சிரித்தாளா, அழுதாளா? இரண்டும்தான்.

சீட்டை எடுக்க வேண்டும். சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகி, எழும்பிய கோடெல்லாம் படுத்துவிடும் என்றார் மேடம். எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நனைத்து நனைத்து உரித்தாள் பசை அக்கா. ஒட்டுவதற்கென்றே பிறந்தவள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர் விரலை வைத்துக்கொண்டு வழி சொன்னார். "மெதுவா. இந்தப் பக்கம் தூக்குது பாரு. இழுக்காதே. ம், இப்ப வா."

சீட்டு முழுசாக வந்தது. அவர் விரல் முன்னேறியது. ரோடு தொடர்ந்தது, ஓர் உருண்டை முட்டியது, அதிலிருந்து மெல்லிய கோடு ஒன்று பிரிந்தது.

"நம்ம தெரு" என்றார்.

அவள் தன் கையை அவர் கைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்து, அவளுடைய உள்ளங்கை அந்தக் கோட்டின்மேல் படும்படி வைத்தார். "உனக்கு விரல்ல தெரியாது. இப்படி வை. இங்கதான் நாம இருக்கோம்."

திரும்பி வரும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. பாலத்தில் ஏறியதும் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பொய்தானே சொன்னே?" என்றார்.

அவள் திக்கென்று நிமிர்ந்தாள். "எதை?"

"ரூட்டு தப்புன்னு சொன்னியே. மேடத்துக்கு ஒண்ணுமே தெரியலை. நீ காலை மிதிச்சது எனக்குக் கேட்டுச்சு."

"தப்பு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் எப்படிப் பொய்யாகும்?"

அவர் அவள் தோளோடு தோள் இடித்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. அவர் கோலின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் வெள்ளைத் தாளாக எது வந்தாலும், பசை அக்கா சீட்டைக் கையில் எடுக்குமுன் உள்ளங்கையைத் தாளின்மேல் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு, மூலை மூலையாகத் தடவிப் பார்க்கிறாள். முதல் தடவை அதைப் பார்த்த நூலகர், "அந்த அம்மா வேலை நேரத்துல தூங்குறாங்களே" என்று மேடத்திடம் முறையிட்டாராம்.

அவரும் வருகிறார். கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே வருகிறார். மற்றத் தாள்களையும் விரலால் ஓட்டி முடித்துவிட்டார். ஊர் பார்க்கிறதே என்ற கவலையை எங்கே தொலைத்தாரோ தெரியவில்லை. "பார்த்து வா தம்பி! தெருவெல்லாம் குழி" என்று மாடியிலிருந்து அவர் அக்கா கத்த, "குழியெல்லாம் மேப்புலேயே இருக்குக்கா" என்று கீழேயிருந்து பதில் போகிறது.

நேற்று மாலை பசை அக்கா வேலை முடிந்து வந்தபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. ஒரு காலத்தில் அந்தக் காட்சி அவளைப் பதறவைத்திருக்கும். நேற்று அவள் நிதானமாகச் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, அந்த நாற்காலியில் தானே சாய்ந்துகொண்டாள். வெளியே கோல் தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. அவர் உள்ளே வந்து கோலை மடிப்பதற்குள் கேட்டாள்:

"இன்னைக்கு என்ன புதுசு?"

"மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல புதுசா ஒரு ஸ்டாப் போட்டிருக்காங்க. மேப்புல அது இல்லை" என்றார் அவர், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி. "உங்க மேடம்கிட்ட சொல்லு. இந்தத் தடவை நிஜமாவே தப்பு."